ஆராய்ச்சி மணியும் ஆதனூர்ச் சேரியும்

திருவாரூர்ப் பூங்கோயிலைப் பணியச் செல்லும் அன்பர்கள், மதிற்புறத்தே வடகிழக்குப் பாங்கில் கல்லாற் சமைத்த தேர் ஒன்றினைக் காண்பர். தேரும், ஆவும், கன்றும், அரசிளங்குமரனும் அங்கே கல்லுருவாய் நிற்கக் கண்டு, உடன் வந்த சிறுவர்க்கு மனுநீதி கண்ட சோழனது வரலாற்றை எடுத்துரையாத பெற்றோர் இலர். கன்றை இழந்த பசு மணியை அடித்தது. மன்னன் தன் மைந்தனைத் தேர்க்காலிலிட்டான். வீதிவிடங்கப் பெருமான் விடைமேல் எழுந்தருளினான். இவ்வளவில் கதை முடியும். கதை முடிந்தபின் பெரியோர் ஒருவர், “அக்காலத்தில் அறம் நான்கு கால்களாலும் நடந்தது, இக்காலத்தில் ஏது?” என்று பெருமூச்செறிவார். பக்கத்தில் நிற்கும் இளைஞர் ஒருவர், “இஃதெல்லாம் புலவர் புனைந்துரை, பசு மணியடிப்பதாவது!” என்று நகைப்பார்.

இருவர் கூற்றும் நூலைக் கூர்ந்து கல்லாமையால் எழுவனவே. பெரியவர், சேக்கிழார் பெருமான் குற்றமே நிகழாத பொன்னுலகம் ஒன்றைக் காட்டினார் என்று கொள்கிறார். இளைஞர், புனைந்துரை என்றால் பொய்யுரை என்று கொள்கிறார். குற்றமே இல்லாத ஊருக்கு ஆராய்ச்சி மணி எதற்கு என்று இருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

காப்பியம் பாடப் புகுவார் நாட்டுச் சிறப்பும் நகரச் சிறப்பும் கூறித் தொடங்குதல் தமிழ் மரபு. அவ்விடத்தில் புலவர்கள் தம் உள்ளத்தே நிறைந்த நல்வாழ்வைச் சொல்லோவியமாகத் தீட்டுவர். கம்பநாடர் கோசலத்தைப் பாடுமிடத்து, கொடுப்பார்க்குக் கொள்வார் கிடையாமையால் கொடை என்ற ஒன்றே அங்குப் புலப்படவில்லை என்பார். பொய் இன்மையால் மெய்யும் தனித்து விளங்கவில்லை என்னும் கருத்துப்படப் பாடுவார். கற்பனையின் கொடுமுடி அது. கற்பார் நெஞ்சம் ஒருகணம் அந்நாட்டில் குடிபுகுந்து இளைப்பாறும். ஆயினும் அந்நாட்டில் காவலர் இல்லை, வழக்கு இல்லை, வரி கேட்பாரும் இல்லை. அங்கு வாழ மானிடர் போதார், தேவரே வேண்டும்.

சேக்கிழார் பாடிய சோழநாடு அத்தகையதன்று. காவிரி பெருகி வருகின்றது. உழவர் நாற்று நடுகின்றனர். உழத்தியர் களை பறிக்கின்றனர். அறுத்த அரிகளைப் போராக இட்டு, நெல்லைக் குன்றுபோற் குவிக்கின்றனர். அதன்பின் அக்குடிகள் செய்வதைச் சேக்கிழார் வரிசைப்படுத்துவது ஊன்றி நோக்கத்தக்கது. முதலில் அரசுக்குரிய இறைக்கடனைச் செலுத்துகின்றனர். எஞ்சிய நெல்லைக் கொண்டே அறம் பேணுதலும், கடவுளைப் போற்றுதலும், பெரியோரையும் விருந்தினரையும் சுற்றத்தாரையும் தாங்குதலும் நடைபெறுகின்றன. களத்துமேட்டிலேயே இறை இறுத்துவிட வேண்டும் என்பதை மறவாமல் முதற்கண் வைத்த புலவர், வரிப்புத்தகத்தோடு பழகியவராகத்தான் இருத்தல் கூடும்.

அவர் அத்தகையவரே. தொண்டைநாட்டுக் குன்றத்தூரிற் பிறந்து, அநபாயன் எனப்பெற்ற இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் (1133–1150) அமைச்சராய் இருந்து, உத்தமசோழப் பல்லவன் என்னும் பட்டம் பெற்றவர் சேக்கிழார். சோழப்பேரரசின் ஆட்சிப் பொறுப்பைத் தோளில் தாங்கியவர். ஓலை எழுதுவோர் செய்யும் பிழை, நிலம் அளப்போர் செய்யும் சூது, நெல் அளக்கும்போது மரக்காலைக் கவிழ்க்கும் விதம் ஆகியன எல்லாம் ஓர் அமைச்சர் அறியாதன அல்ல. உமாபதி சிவம் அருளியதாக வழங்கும் சேக்கிழார் புராணம், சீவக சிந்தாமணியில் மனம் தோய்ந்திருந்த மன்னனை அடியார் வரலாற்றின்பால் திருப்ப அமைச்சர் முற்பட்டார் என்றும், தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரையில் நூல் அரங்கேறியது என்றும் கூறும். அரசன் கேட்க, அரசனுடைய அமைச்சர் பாடிய நூல் பெரியபுராணம். இதனை உள்ளத்திற் கொண்டே அதில் வரும் அறநாட்டின் தோற்றத்தைக் காணவேண்டும்.

நகரச் சிறப்பில் மனுவேந்தன் அமைச்சர்க்கு மறுமொழி கூறுமிடத்தில் ஆசிரியர் ஓர் இலக்கணம் வகுக்கின்றார். உலகு காக்கும் வேந்தன் தன் குடிகட்கு வரும் ஐவகை அச்சங்களைப் போக்கவேண்டும். அவை எவை? பகைவரால் வரும் அச்சம் என்றே யாரும் தொடங்குவர். சேக்கிழார் அவ்வாறு தொடங்கவில்லை. அரசன் தன்னால் வரும் அச்சத்தை முதலிலும், தன் பணியாளரால் வரும் அச்சத்தை இரண்டாவதாகவும் வைத்தார். பகைவரும் கள்வரும் அதன்பின்னர் வருகின்றனர். விலங்கு முதலிய பிறவுயிர்களால் வரும் அச்சம் ஈற்றில் நிற்கின்றது. முடிபுனைந்த மன்னன் எதிரே வீற்றிருக்க, “குடிகட்கு முதல் அச்சம் நின்னால், அடுத்த அச்சம் எம்போன்றாரால்” என்று ஓர் அமைச்சர் பாடுவது எளிய செயலன்று. பெரியபுராணம் முழுமையும் கிடைக்காது போய், இவ்வொரு பாட்டு மட்டுமே எஞ்சியிருப்பினும் சேக்கிழாரின் அரசியற் பெருமை குன்றாது.

இனிக் கதைக்கு வருவோம். இளவரசன் கொடியவன் அல்லன். கலைகள் கற்றவன், படைசூழ அரசவீதியில் தேரூர்ந்து செல்கின்றான். துள்ளி வந்த ஆன்கன்று ஒருவரும் அறியாவண்ணம் தேர்க்காலில் விழுந்து மாய்ந்தது. குமரன் உடல் நடுங்கித் தேரினின்றும் இறங்கி வீழ்கின்றான். பழிக்குக் கழுவாய் உண்டாயின் தந்தை அறியுமுன் செய்துகொள்வேன் என்று மறையவரிடம் போகின்றான். அறியாது நிகழ்ந்த பிழை. உடனே தோன்றிய வருத்தம். கழுவாய் தேடும் மனம். இவை யாவும் அவன் பக்கம் உள்ளன. தாய்ப்பசுவின் பக்கம் உள்ளது ஒரு மணி மட்டுமே.

பசு கோட்டினால் மணியைப் புடைக்கின்றது. அரசன் ஓடி வருகின்றான். நிகழ்ந்ததை அமைச்சன் ஒருவன் எடுத்துச் சொல்கின்றான். சொல்லும்போதே இளவரசன்மேற் பழி மிகாதபடி சொற்களை அளந்து சொல்கின்றான். நூல்வழி விதித்த கழுவாய் செய்தலே வழக்கு என்பது அமைச்சர் துணிபு. அவர்கள் கூறுவது நூல்நெறிக்கு மாறன்று. நீதிமன்றம் எதுவும் அவ்வாறே தீர்க்கும். ஆனால் வேந்தன் வினவுவது வேறொன்று. தன் மகன் செய்த கொலைக்குக் கழுவாய் போதும் என இன்று இசைந்து, நாளை வேறொருவன் ஓருயிரைக் கொல்லும்போது அவனைக் கொல்வதானால், மனு வகுத்த பழைய நெறியை மனுவே துடைத்தெறிந்தான் என்று உலகம் சொல்லாதா என்கின்றான். சிக்கல் கன்றின் உயிருக்கு ஈடு என்ன என்பதன்று. அரண்மனைக்கு ஒரு நீதி, அங்காடித் தெருவுக்கு ஒரு நீதி உண்டோ என்பதே.

இதற்குமேல் வரும் நிகழ்ச்சியைப் பலர் கதை சொல்லும்போது விட்டுவிடுகின்றனர். தன் மகன்மேல் தேரைச் செலுத்துமாறு அரசன் ஓர் அமைச்சனை ஏவுகின்றான். அவ்வமைச்சன் அது செய்ய மாட்டாதவனாய்த் தன் உயிரைத் தானே நீக்கிக் கொள்கின்றான். குற்றம் ஒன்றும் செய்யாத ஒருவன் இறந்துபட்டான். அதன்பின்னரே வேந்தன் தானே தேரூர்கின்றான். நீதியின் பெயரால் நீதியில்லாத ஒரு சாவு நேர்ந்ததைச் சேக்கிழார் மறைத்திருக்கலாம். மறைத்திருப்பின் கதை இன்னும் வழவழப்பாக இருந்திருக்கும். அமைச்சராகிய அவர் அதனை மறைக்கவில்லை. இறைவன் தோன்றும்போது கன்றும் குமரனும் எழுவதோடு அவ்வமைச்சனும் எழுகின்றான். அந்த ஒரு வரிக்குள் ஆசிரியர் தம் நெஞ்சை ஆற்றிக்கொண்டார் போலும்.

இவ்வரலாறு சேக்கிழார் தாமே புனைந்ததன்று. சிலப்பதிகாரத்தில், பாண்டியன் அவையில் தன் ஊரின் பெருமை கூறும் கண்ணகி, பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனைத் தேராழியின்கீழ் மடித்த வேந்தனைக் குறிக்கின்றாள். அங்கே ஊர் புகார். சேக்கிழாருக்குச் சற்று முன்னர், விக்கிரம சோழன் காலத்தில் (1118–1135) திருவாரூர்க் கோயிலிற் பொறித்த கல்வெட்டொன்று இதே கதையை ஆரூரில் நிகழ்ந்ததாகக் கூறி, அமைச்சனை உபயகுலாமலன் எனப் பெயரிட்டும் சுட்டுகின்றது. ஆகவே பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆரூர் வீதியில் நடந்தோர், ‘இவ்வீதியிலேதான் நடந்தது’ என்ற துணிபோடு நடந்தனர். ஓர் ஊரார் தம் வீதியைப் பற்றி எதனை நம்புகின்றனரோ அதுவும் வரலாற்றின் ஒரு பகுதியே.

கடல் கடந்தும் இக்கதை வழங்குகின்றது. அங்கே சொல்வோர் சைவருமல்லர், தமிழருமல்லர். ஈழநாட்டுப் பௌத்த துறவியர் பாலிமொழியில் இயற்றிய மகாவம்சம், சோழநாட்டினின்று சென்று அநுராதபுரத்தில் 44 ஆண்டு ஆண்ட எல்லாளனைப் பற்றிப் பேசுகின்றது. பகைவர் நண்பர் என்று பாராமல் ஒருபடித்தாக நீதி செலுத்தினான் என்று அந்நூல் அவனைப் புகழ்கின்றது. அவன் பள்ளிகொள்ளும் கட்டிலின் தலைமாட்டில் மணி ஒன்று தொங்கியது. அதன் நீண்ட கயிறு வெளியே விடப்பட்டிருந்தது. கன்றை இழந்த பசு அக்கயிற்றை அசைத்தது. அரசன் அதே தேர்க்காலால் தன் மகனின் தலையைத் துணித்தான். அங்கே விடைமேல் எழுந்தருளும் பெருமான் இல்லை. மகன் எழவும் இல்லை. கதை அவ்வளவிலேயே நின்றுவிடுகின்றது.

எல்லாளனைப் பற்றி அந்நூல் கூறும் பிற செய்திகள் நம் நாட்டில் அவ்வளவாக அறியப்படாதவை. கிழவி ஒருத்தி வெயிலில் உலரவைத்த அரிசி பருவமல்லாப் பருவத்துப் பெய்த மழையால் நனைந்தது. அவள் நனைந்த அரிசியோடு வந்து மணியை அடித்தாள். மழைமேல் அரசன் எவ்வாறு வழக்காடுவான்? நீதி தவறாத நாட்டில் மழையும் காலந்தவறாது என்று நம்பியவனாய், உண்ணாநோன்பு கிடந்தான். வாரத்தில் ஒருநாள், அதுவும் நள்ளிரவில் மட்டும் மழை பெய்யும்படி தேவர் அருளினர் என்பது கதை. மற்றொருகால் அவன் தேரின் நுகம் பட்டுப் பௌத்தர்களின் தாதுகோபத்தில் பதினைந்து கற்கள் பெயர்ந்தன. அவன் வழியிலேயே கிடந்து, “இத்தேர்க்காலால் என் தலையைத் துணியுங்கள்” என்றான். அமைச்சர் தடுத்துப் பழுதுபார்த்தல் போதும் என்றனர். பெயர்ந்தவை பதினைந்தே கற்களாயினும் அதற்குப் பதினையாயிரம் காசு செலவிட்டான். அவன் அச்சமயத்தினன் அல்லன். மகாவம்சம் அவனைப் பிழைபட்ட கொள்கையினன் என்று குறித்துக்கொண்டே இத்தனையும் எழுதிவைத்தது. அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு அவனுக்கு ஈமக்கடன் செய்து நினைவிடம் எடுத்தான் என்றும், அவ்விடத்தைக் கடக்கும் அரசர் தம் இசைமுழக்கை அடக்கிச் செல்வர் என்றும் அந்நூல் முடிக்கின்றது.

பிற்காலத்து மொகலாய வேந்தர் சகாங்கீர் 1605இல் அரியணை ஏறியவுடன் ஆக்ராக் கோட்டையிலிருந்து ஆற்றங்கரை வரை அறுபது மணிகள் கோத்த பொற்சங்கிலி ஒன்றைத் தொங்கவிடச் செய்ததைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்தார். முறையிடுவோர் அதனை இழுக்கலாம் என்பது ஏற்பாடு. காவலர் சூழ்ந்த கோட்டையில் ஓர் ஏழை உழவன் சங்கிலியை நெருங்குவது எங்ஙனம் என்பது வேறு வினா. எனினும் கதையில் ஒலித்த மணியைக் கண்ணெதிரே கட்டித் தொங்கவிட ஓர் அரசர் விரும்பினார் என்பது கதைக்குள்ள ஆற்றலைக் காட்டும்.

சோழநாட்டின் உண்மை வரலாற்றில் இம்மணிக்கு ஒப்பானது ஏதேனும் உண்டா? உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் அதற்கு ஒரு விடை. முதற் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், பிரமதேயமாகிய அவ்வூரின் சபையார் குடவோலை முறைக்கு விதிகள் வகுத்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்துக்கு ஆகான். அவனுடைய உறவின் முறையாரும் ஆகார். தண்டனைக்கு மகன், மைத்துனன் என்ற வேறுபாடு வேண்டாம் என்று மனுவேந்தன் எண்ணியதை இவ்விதி வேறொரு முகத்தால் நிறைவேற்றுகின்றது. ஊரார் ஒருவரையொருவர் தேவர் என எண்ணியிருந்தால் இத்தகைய விதியை ஓலையில் எழுதுவதோடன்றிக் கல்லிலும் வெட்டியிரார்.

பஞ்சமும் அந்நாட்டை விட்டுவைக்கவில்லை. 1201இல் திருப்பாம்புரத்தில் வேளாளர் ஒருவர் பஞ்சத்தின் கொடுமை தாங்காது தம் இரு பெண்மக்களோடு தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தியைக் கல்வெட்டுக் கூறுகின்றது. கோயில் சோறிட்டது, அதற்கு விலையாக மூவர் அடிமையாயினர். சேக்கிழாருக்கு ஏறக்குறைய இரண்டு தலைமுறை பிற்பட்ட செய்தி இது. இதனைப் படித்தபின்னும் சோழர்காலத்தைப் பொற்காலம் என்று ஒரே மூச்சிற் சொல்லிவிட்டுப் போவது கல்வெட்டைக் கண்மூடிக் கடப்பதாகும்.

பஞ்சத்தைச் சேக்கிழாரும் மறைத்தாரல்லர். திருவீழிமிழலையில் மழை பொய்த்து அடியார் பசித்தபோது, ஞானசம்பந்தப் பெருமானுக்கும் திருநாவுக்கரசருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு வைத்தருளினான். அவ்விடத்தில் ஆசிரியர் கூறும் நுட்பத்தைப் பாருங்கள். நாவுக்கரசர் பெற்ற காசு வட்டமின்றி அப்படியே செல்லுபடியாயிற்று. பிள்ளையார் பெற்ற காசுக்கு வாசி இருந்தமையால் அங்காடியில் மாற்றிப் பண்டம் கொள்ளக் காலம் தாழ்த்தது. அதனால் பிள்ளையார் மடத்தில் அமுது ஆக்குவது நாள்தோறும் பிந்தியது. அரசு கைத்தொண்டு செய்தவர் ஆதலின் நற்காசு பெற்றார் என்பது விளக்கம். அருட்செயலைப் பாடும்போதும் கடைத்தெருவில் வாசி பிடிக்கும் வணிகனை மறவாதவர் சேக்கிழார்.

கோட்புலி நாயனார் வரலாறோ நெஞ்சை நடுங்கச் செய்வது. கோயில் திருவமுதுக்கென ஆணையிட்டு வைத்த நெல்லை, அவர் போருக்குச் சென்றபோது வந்த பஞ்சத்தில் சுற்றத்தார் உண்டனர். மீண்டு வந்த நாயனார் அவர்கள் அனைவரையும் வாளுக்கு இரையாக்கினார்; பால்குடிக்கும் குழவியையும் விட்டாரல்லர். உரைகாரர் பலவகையால் அமைதி கூறுவர். இறைவன் அனைவர்க்கும் நற்கதி அளித்தான் என்பதே நூல் தரும் முடிவு. ஆயினும் அந்நெல்லை உண்டவர் பசித்தவர் என்பதனையும் சேக்கிழார்தாமே சொல்லியிருக்கின்றார். சொல்லாது விட்டிருந்தால் எவரும் அறிந்திரார்.

அவ்வாறாயின் பெரியபுராணத்தில் அறச்சமுதாயம் எங்கே உள்ளது? அரண்மனையிற் காண்பதைவிடச் சிறுதெருக்களிலேயே அதனை மிகுதியும் காணலாம். தில்லையிலே திருவோடு வனையும் குயவர், காஞ்சியிலே அடியார் ஆடையை வெளுக்கும் ஏகாலியர், திருவொற்றியூரிலே விளக்கெரிக்கும் செக்கார், நாகையிலே தலைமீனைக் கடலுக்கே விடும் பரதவர் என இவர்கள் அரசாணைக்கு அஞ்சி நல்லவராக வாழ்ந்தவரல்லர். ஒவ்வொருவரும் தத்தம் தொழிலில் ஒரு விரதத்தைத் தாமே பூண்டனர். திங்களூரில் அப்பூதியடிகள் வழிநடையில் தண்ணீர்ப்பந்தர் வைத்தார்; தம் பெயரை அதில் எழுதினாரல்லர்; தாம் கண்டுமிராத திருநாவுக்கரசரின் பெயரை எழுதினார். திருப்பணிக்குப் பொருள் உதவிய அன்பர்கள் பெயரைக் கல்லிற் பொறிக்கும் இந்நாளில் இது நினைத்து மகிழ்தற்குரியது. பெயர் பொறிப்பது பிழையன்று; பெயர் பொறித்தமையால் அன்றோ சோழர்காலத்துக் கொடையாளரை இன்று அறிகின்றோம்!

இத்தனையும் கூறியபின்னர் ஆதனூருக்குப் போகாது நின்றுவிடுவது நேர்மையாகாது. கொள்ளிடப் பாங்கில் மேற்காநாட்டு ஆதனூர், திருநாளைப்போவாராகிய நந்தனார் பிறந்த ஊர். அவ்வூரின் புறத்தே உள்ள புலைப்பாடியைச் சேக்கிழார் வருணிக்கும் பகுதி தமிழில் வேறெங்கும் காணப்படாதது. பழங்கூரை வேய்ந்த குடில்கள்மேல் சுரைக்கொடி படர்ந்திருக்கின்றது. வாரும் தோலும் கிடக்கும் முற்றத்தில் கோழிக்குஞ்சுகள் சுழல்கின்றன. இரும்புக்காப்பு அணிந்த கரிய சிறுவர் துள்ளும் நாய்க்குட்டிகளைப் பற்றிக்கொண்டு ஓடுகின்றனர். மருதநிழலில் தோலை விரித்து உழத்தி தன் மகவை உறங்கவைக்கின்றாள். மண்ணிற் புதைத்த பானையில் பெட்டைக்கோழி அடைகிடக்கின்றது. மாமரக் கிளையில் பறைகள் தொங்குகின்றன. அரசனது மேடையைப் பாடும் கைதான் இதனையும் பாடியது. இகழ்ச்சி ஒரு சொல்லிலும் இல்லை. பேரரசின் அமைச்சர் ஒருவர் அச்சேரிக்குள் நடந்து, நின்று, கண்டிருந்தாலன்றி இது பாடவொண்ணாது.

நந்தனாருக்கு ஊரார் பறைத்துடவை என்னும் மானியநிலம் விட்டிருந்தனர். அதனைக் கொண்டு வாழ்ந்து, கோயில்களின் பேரிகைக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அவர் கொடுத்துவந்தார். அவர் கொடுத்த தோல் கருவறை வாயில்வரை போயிற்று, அவர் போகவில்லை. தில்லைக்கு நாளைப்போவேன் என்று நாள்கடத்தி, ஒருநாள் சென்று, ஊரெல்லையை வலம்வந்து, உள்ளே எழும் வேள்விப்புகையைக் கண்டு அஞ்சி நின்றார். இவ்விடத்தில் ஒரு கேள்வி எழாமற் போகாது. ஆரூரில் கன்றிழந்த பசுவுக்கு எட்டும் உயரத்தில் மணி இருந்தது. நந்தனாருக்கு எந்த வாயிலில் எந்த மணி இருந்தது? சேக்கிழார் இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை. கனவிலே இறைவனே வந்து, எரியிற் புகுந்து வருக என அழைத்ததாகவும், தில்லைவாழந்தணர்க்கும் அவ்வாறே பணித்ததாகவும் பாடினார். தென்மதில் வாயில்முன் தீ மூட்டப்பட்டது. நந்தனார் முனிவர் வடிவோடு எழுந்து, அம்பலம் புகுந்து, யாவரும் காணாது மறைந்தார். ஊர் மாறவில்லை, அவர் மாறவேண்டியிருந்தது.

சேக்கிழார் கேளாது விட்டதை எழுநூறு ஆண்டுகளுக்குப்பின் இன்னொரு புனைந்துரை கேட்டது. கோபாலகிருஷ்ண பாரதியார் 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் அச்சேற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வேதியர் ஒருவர் வருகின்றார். பெரியபுராணத்தில் அப்படி ஒருவர் இல்லை. நந்தனாரை அடிமைகொண்ட நிலக்கிழார் அவர். தில்லைக்குப் போக விடைகேட்டால், நாற்பது வேலி நிலத்தையும் நட்டு அறுத்துவிட்டுப் போ என்கின்றார். தஞ்சை நாட்டுப் பண்ணைகளில் உழைத்தோர் பாரதியார் காலத்தில் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு, இக்கிழார் எங்கிருந்து வந்தார் என்பது விளங்கும். நூலில் இல்லாததைச் சேர்த்தார் என்று புலவர் பலர் வெகுண்டனர், கூற்று உண்மையே. ஆனால் சேர்த்தது பொய்யா?

சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடியவரும், திருவாவடுதுறை ஆதீன வித்துவானுமாகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அக்கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதை அவர் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கின்றார். இலக்கணப் பிழைகள் இருந்தன. முதல்நூலோடு மாறுபாடும் இருந்தது. பாரதியார் பலநாள் நடந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் வீட்டில் இளைப்பாறிக்கொண்டிருக்க, பாரதியார் வெளியே திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தமக்குள் பாடத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையவர்கள் கண்ணீர் பெருக எழுந்துவந்து பாயிரம் தந்தார். முதல்நூலின்பால் அவருக்கிருந்த பற்று பிறர் எவர்க்கும் குறைந்ததன்று. அப்பற்றுடையவரே அழுதார்.

மதுரை மீனாட்சியம்மை கோயிலில், காலங்காலமாகப் புறத்தே நிறுத்தப்பட்டோர் 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் உள்ளே சென்று வழிபட்டனர். அவ்வாண்டே அதற்குச் சட்டப் பாதுகாப்புப் பிறந்தது. 1947இல் மாநிலம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. எரி மூட்டப்படவில்லை. எவரும் வேற்றுருவம் கொள்ள வேண்டியதும் இல்லாதாயிற்று. அதற்கு முன்னரும் பின்னரும் நிகழ்ந்த வழக்குகளும் பூசல்களும் பல. அவற்றை விரிக்கின் பெருகும்.

வைத்தீசுவரன் கோயிலை அடுத்த திருப்புன்கூருக்குச் செல்லும் அன்பர்கள் ஒன்று காணலாம். நந்தனார் திருவாயிலின் புறத்தே நின்று, இறைவனை நேரே காண விழைந்தபோது இடையே நந்தி மறைத்தது. சிவலோகநாதர் நந்தியை விலகச் செய்தார் என்பது புராணம். அவ்வூரில் நந்தி இன்றும் சந்நிதிக்கு நேரே இல்லை. ஒருபுறமாக விலகியே இருக்கின்றது. அவர் தோண்டிய குளமும் அங்கே உள்ளது. வாயிலின் வெளியே, அவர் நின்றதாகச் சொல்லும் இடத்தில் நின்று நோக்கினால் இலிங்கத் திருமேனி நேரே தோன்றும். இப்பொழுது அங்கே நிற்பவர் எவராயினும், பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.